இரண்டாவது மூச்சு

தொலைபேசி அலறியது.

விடுமுறை நாள் பிற்பகல். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஈ, காக்கை இல்லை. அலறியது சிவப்பு போன். சுவாச அறைக்குள்ளிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு மட்டுமே பேசக்கூடிய போன்.

டயட்டீஷியன் பாய்ந்து எடுத்தாள்.

"மேடம்... வண்டிச் சாவிய எங்க வச்சீங்க?"

"என்ன சாவி? உள்ள ஏது வண்டி?"

"சவாரி நிக்குது மேடம்... நான் கிளம்பணும்... ஸ்டியரிங் வழுக்குது..."

பேச்சு குழறியது. குடித்தவன் பேச்சு மாதிரி. ஆனால் அந்த அறையில் குடிக்கத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கதவிலிருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

டாக்ஸி டிரைவர், உடற்பயிற்சி சைக்கிளின் மேல் கவிழ்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ரிசீவர் வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

சுவாச அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காற்றுப் புகாத ஒரு சின்ன இரும்பு அறை. ஒரு கட்டில், ஒரு சைக்கிள், தடுப்புக்குப் பின்னால் கழிப்பறை. ஒரு குழாய் காற்றை உள்ளே விடும். இன்னொரு குழாய் உறிஞ்சி வெளியே எடுக்கும். வெளியே வரும் காற்றை மெஷின் முகர்ந்து பார்த்து, உள்ளே இருப்பவர் எவ்வளவு ஆக்ஸிஜன் இழுத்தார், எவ்வளவு கரியமில வாயு விட்டார், அவர் உடம்பு மாவுச்சத்தை எரித்ததா கொழுப்பை எரித்ததா என்று திரையில் கோடு போட்டுக் காட்டும்.

சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த ஒரு புதிய நார்ச்சத்து மாவு. அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். டிரைவர் அதற்காகத் தானாக முன்வந்து உள்ளே போய்ப் படுத்தவர்களில் ஒருவர்.

அவள் விரல் குத்தி சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டாள். செல்போனை மேஜையில் வைத்தாள். உள்ளே கொண்டு போகக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பதறும்போதுகூடச் சட்டத்தை மீறாத பிறவி. உப்பைக்கூட நிறுத்துப் போடுகிறாள் என்று உள்ளே படுப்பவர்கள் அவளுக்கு 'கிராம் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குளுக்கோஸ் டப்பா முதலுதவி அலமாரியில் இருந்தது. நாலு எட்டு தூரம்.

முதலில் ஆளைப் பார்ப்போம். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நினைப்புதான் தப்பு.

கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். டிரைவரைத் தாங்கிக் கீழே இறக்கிக் கட்டிலில் சாய்த்தாள். விரலைக் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். கருவி யோசித்தது.

முப்பத்தெட்டு.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. முப்பத்தெட்டு என்றால் மூளை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

குளுக்கோஸ்!

திரும்பினாள்.

'தப்'பென்று கதவு சாத்திக்கொண்டது.

காற்றில் சாத்தாது. அந்தக் கதவு அவ்வளவு கனம். அவள் ஓடிப்போய் உள்பக்கத்து அவசரக் கைப்பிடியை அழுத்தித் தள்ளினாள். கதவு ஒரு நூல் நகர்ந்து நின்றது. வெளியே எதையோ குறுக்கே கொடுத்திருந்தார்கள்.

"யாரு? யாரது வெளிய? உள்ள ஆள் இருக்கோம்..."

கண்ணாடிக்கு வெளியே இருந்த திரை மெல்ல இறங்கியது.

தானாக அல்ல. யாரோ ஒருவர் நிதானமாக இறக்கினார்கள். கை தெரியவில்லை. முகம் தெரியவில்லை.

அவள் சிவப்பு போனை எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"கதவைத் திறங்க. இவருக்கு உசிரு போயிட்டிருக்கு."

மூச்சுவிடும் சத்தம் மட்டும்.

"யாரு பேசறீங்க?"

வைத்துவிட்டார்கள்.

கட்டிலில் டிரைவர் முனகினார்.

"மேடம்... யாரு, போலீஸா? நான் சிக்னல்ல நின்னுதான் போனேன்..."

"நீங்க பேசாதீங்க. முழிச்சுக்கிட்டே இருங்க. கண்ண மூடக் கூடாது."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பொட்டு இனிப்பு... ஒரே ஒரு பொட்டு...

இருக்காது. இருக்கவே இருக்காது. முன்பு உள்ளேயும் ஒரு குளுக்கோஸ் டப்பா இருந்தது. போன மாதம் ஒருவர் அதைத் திருடித் தின்றுவிட்டார் என்று அவள்தான் அதை வெளியே எடுத்துப் போகச் சொன்னாள். அவள்தான் கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். தலையணையைப் பிரித்துப் பார்த்தாள். இந்த அறையில் சர்க்கரை என்று பேர் சொல்ல ஒரு துணுக்கு இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள் அவள்தான்.

மேஜையில் மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் உரிய மாவுப் பொட்டலங்கள் மட்டும் இருந்தன. அதில் நாரைத் தவிர வேறெதுவும் கிடையாது.

"மேடம்..."

"சொல்லுங்க."

"திட்ட மாட்டீங்களே?"

"திட்ட மாட்டேன். என்ன?"

"சைக்கிள் கைப்பிடி... ரப்பரை உருவுங்க..."

உருவினாள். இரும்புக் குழாயைத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றோடொன்று ஒட்டிய டாஃபிகள் உருண்டு விழுந்தன.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒன்றைத் தண்ணீரில் நசுக்கிக் கரைத்து அவர் உதட்டில் ஊற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக. புரையேறாமல்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"வந்த நாள்லேர்ந்து."

"அதான் ராத்திரியெல்லாம் உங்க உடம்பு மாவுச்சத்தை எரிக்குதுன்னு கோடு காமிச்சுதா? மெஷின் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கை வரச்சொல்லி நான் அந்தத் திட்டு திட்டினேன்..."

"பாவம் மேடம் அவரு."

"சைக்கிள்ல எப்படி வைக்கத் தோணுச்சு?"

"நீங்க கட்டில் வரைக்கும்தான் பாப்பீங்க. சைக்கிள்கிட்டயே வர மாட்டீங்க. மாடி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்கும்னு எல்லாருக்கும் தெரியும்."

பேச்சு தெளிந்திருந்தது. கண்ணில் ஆள் வந்திருந்தது. மறுபடி குத்திப் பார்த்தாள். அறுபத்தாறு.

அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம்தான். டிரைவரின் நெற்றியில் மறுபடி முத்து முத்தாக வியர்வை.

ஐம்பத்தொன்று.

ஏறிய சர்க்கரை இறங்குகிறது. சும்மா பசியில் இறங்கிய சர்க்கரை என்றால் ஏறிய இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. உள்ளே எதுவோ இழுத்துக்கொண்டே இருக்கிறது.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நீங்க குடுத்த மாவுக் கஞ்சிதான். அந்தக் கோந்து."

"மாத்திரை ஏதாவது? உங்க பழைய சுகர் மாத்திரை?"

"அதான் சேர்ந்த அன்னிக்கே பிடுங்கி வச்சுக்கிட்டீங்களே."

அவள் ஒரு மாவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டினாள். விரலால் பரப்பினாள். பழுப்பு மாவுக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாக, பொடித்தும் சரியாகப் பொடியாத துணுக்குகள்.

சர்க்கரையை இறக்கும் மாத்திரை.

இரண்டு வாரத்துக்கு முன் செத்துப்போன அந்த நூலகக்காரம்மா நினைவுக்கு வந்தார். இதே ஆராய்ச்சியில் இருந்தவர். வீட்டில் பொட்டலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று முடித்துவிட்டார்கள். அவள் மாலை போட்டுவிட்டு வந்தாள்.

அது மாரடைப்பு இல்லை. பொட்டலத்தை நிறுத்துக் கொடுத்தது இவள் கை.

"மேடம், அழறீங்களா?"

"இல்ல."

"நம்மள யாரு பூட்டினது?"

"பேராசிரியர். வேற யாரு? இருபது வருஷமா இந்த மாவைத்தான் கட்டிக்கிட்டு அழறார். நூலகக்காரம்மா விஷயத்துல எனக்குச் சந்தேகமா இருக்குன்னு சொன்னதுக்கு எள்ளும் கொள்ளும் வெடிச்சுது மூஞ்சியில. மாவு தோத்துடக் கூடாதுன்னு மாத்திரையைக் கலந்திருக்கார்."

"காத்து இருக்குமா உள்ள?"

"காத்துக்குப் பயமில்ல. குழாய் ஓடிட்டுத்தான் இருக்கு. நிறுத்தினா அலாரம் அடிக்கும். உங்க சர்க்கரைதான்..."

அவள் முடிக்கவில்லை. கையில் மிச்சமிருந்த டாஃபிகளைப் பார்த்தார்கள் இருவரும். சாயங்காலம் வரைக்கும்கூட வராது. வாட்ச்மேன் வாசலோடு சரி. நாளை காலைவரை இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். கணவனுக்கு போன் போட வழியில்லை. கத்தினால் இரும்புச் சுவர் விழுங்கிவிடும்.

சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

"கோடு."

"என்ன கோடு?"

"நாம மூச்சு விடறது கோடா ஓடிட்டிருக்கு இல்ல, அது வெளிய திரையில மட்டும் இல்ல. கம்ப்யூட்டர் வழியா வீட்டிலேர்ந்தும் பாக்கலாம். என் நாத்தனார் பாப்பாங்க."

"நாத்தனாரா? அவங்க எதுக்கு நம்ம மூச்சைப் பாக்கறாங்க?"

"இந்த ஆராய்ச்சிக்குக் கணக்குப் பாக்கறதே அவங்கதான். புள்ளியியல். என் வீட்டுக்காரரோட அக்கா. லீவு நாள்லகூடக் கோட்டைப் பாக்காம இருக்க மாட்டாங்க."

"பாத்தா?"

"ஒருத்தர் இருக்க வேண்டிய ரூம்ல ரெண்டு பேர் மூச்சு விட்டா கரியமில வாயுக் கோடு ரெண்டு மடங்கா ஏறும். அதுக்கு மேல யாராவது சைக்கிள் மிதிச்சா கொம்பு மாதிரி கிளம்பும். நிறுத்தினா இறங்கும். மிதிச்சா ஏறும். மூணு தடவை அப்படிப் பண்ணினா எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும்."

"நான் மிதிக்கறேன் மேடம்."

"நீங்க மிதிச்சா இருக்கிற சர்க்கரையும் எரிஞ்சுடும். படுங்க."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள்.

மிதித்தாள்.

கால் கெஞ்சியது. நெஞ்சு அடைத்தது. சுவரிலிருந்த சின்னத் திரையில் கரியமில வாயுவின் எண் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. நிறுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி மிதித்தாள். இடையில் இறங்கி டாஃபி கரைத்துக் கொடுத்தாள். மறுபடி ஏறினாள்.

"மேடம், பத்து கிலோ குறைஞ்சிருப்பீங்க."

"பேசாதீங்க. சிரிச்சா... மிதிக்க முடியல..."

மூன்றாவது முறை அவள் இறங்கியபோது முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தாள்.

அப்போது சிவப்பு போன் அடித்தது.

தவழ்ந்து போய் எடுத்தாள்.

"நான்தான்," என்றது நாத்தனாரின் குரல்.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணி... வந்துட்டீங்களா? எங்க இருக்கீங்க?"

"கண்ட்ரோல் ரூம்ல. நீ எப்படி இருக்க?"

"நான் நல்லா இருக்கேன். இவருக்குத்தான் சுகர் நிக்க மாட்டேங்குது. கதவைத் திறங்க அண்ணி. குறுக்க என்னமோ குடுத்திருக்கு. அலமாரியில குளுக்கோஸ் இருக்கு, அதையும்..."

"திறக்கறேன். பதறாத. என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல."

"மாவுல மாத்திரை கலந்திருக்கார் பேராசிரியர். கண்ணால பாத்தேன். பொட்டலம் கையில இருக்கு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இப்பத்தான் நானே பாத்தேன்."

"உள்ள எத்தனை பொட்டலம் இருக்கு?"

"மூணு. திறங்க அண்ணி."

"எல்லாப் பொட்டலத்துலயும் கலந்திருக்காரா? எல்லாருக்கும் குடுத்ததுலயுமா?"

"எல்லாத்துலயும் இருக்காது அண்ணி. நீங்கதானே போன வாரம் சொன்னீங்க, நிஜ மாவு சாப்பிட்டவங்களுக்கு மட்டும்தான் சர்க்கரை சரசரன்னு..."

நாக்கு நின்றுவிட்டது.

ஆராய்ச்சியில் ஒரு கூட்டத்துக்கு நிஜ மாவு. இன்னொரு கூட்டத்துக்கு அதே நிறத்தில், அதே வாசனையில் போலி மாவு. எந்தப் பொட்டலம் எது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. நிறுத்துக் கொடுக்கிற அவளுக்குத் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அப்படி ஒரு கட்டுப்பாடு.

பேராசிரியர் கலந்திருந்தால் எல்லாவற்றிலும்தான் கலந்திருக்க முடியும். போலி மாவு சாப்பிட்டவர்களுக்கும் சர்க்கரை இறங்கியிருக்கும்.

நிஜ மாவில் மட்டும் பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டுமென்றால், எது நிஜம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தவர் ஒரே ஒருவர். கணக்குப் பார்க்கிறவர்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றது போன்.

"அண்ணி... நீங்க வீட்டிலேர்ந்து எப்ப வந்தீங்க?"

போனுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"வீட்டுக்கு எங்க போனேன்? காலைலேர்ந்து கீழ ஸ்டோர் ரூம்லதான் இருந்தேன். மிச்சமிருந்த பொட்டலத்தையெல்லாம் மாத்திட்டு மேல வந்தா நீ உள்ள ஓடற. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரத்தத்துலயே மாத்திரை தெரிஞ்சுடும். நல்லாத்தான் மிதிச்ச. கோடு அழகா ஏறிச்சு. நான் இங்கேயே உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏன் அண்ணி?"

"என் வீட்டுக்காரர் கம்பெனி வேற எதுக்கு இருக்கு? இருக்கிறதையெல்லாம் போட்டு அந்த மாவுக்குத்தான் மெஷின் வாங்கியிருக்கார். இது தோத்தா நாங்க நடுத்தெருவுல நிப்போம். கொஞ்சமா சேர்த்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

"நூலகக்காரம்மா செத்துட்டாங்க."

"அது கணக்குல வரல."

"உங்க தம்பி மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

"அவன் சின்ன வயசிலேர்ந்து அழுமூஞ்சி. நான்தான் தேத்தணும். வேற யாரு இருக்கா அவனுக்கு?"

போன் செத்தது.

எங்கோ மேலே உஸ்ஸென்று ஒரு சத்தம் தொடங்கியது.

"பாம்பா மேடம்?"

அவள் காற்று வரும் குழாயின் வாயருகே கையை வைத்தாள். வழக்கத்தைவிடக் குளிர்ந்த காற்று. வாசனை இல்லை. சுவரிலிருந்த திரையைப் பார்த்தாள். ஆக்ஸிஜன் இருபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மெஷினைச் சரிபார்க்க வெளியே நைட்ரஜன் சிலிண்டர்கள் இருந்தன. நாத்தனார் நல்ல காற்றை அடைத்துவிட்டு அதைத் திறந்துவிட்டிருக்கிறாள். நைட்ரஜன் எரியாது, நாறாது, இருமல்கூட வராது. மூச்சு இழுத்துக்கொண்டே இருக்கலாம். தூக்கம் வரும். வால்வு பழுது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பதினெட்டு.

டிரைவர் கொட்டாவி விட்டார்.

"தூங்காதீங்க!" அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். "தலகாணி உறையக் கழட்டிக் குடுங்க. சீக்கிரம்."

"எதுக்கு?"

"அந்தக் குழாயை அடைக்கணும்."

"துணியால அடைச்சா காத்து நிக்குமா?"

நிற்காது. துணி வழியே கசியும். என்ன செய்வது? பதினேழு. யோசிக்க முயன்றாள். யோசனை வழுக்கியது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. கோந்து... கோந்து என்று யார் சொன்னது?

பிரித்த பொட்டலத்தையும் இன்னொன்றையும் உறைக்குள் கொட்டினாள். கூஜாத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தாள். மாவு தண்ணீரைக் குடித்துப் பொதபொதவென்று ஊதி, பிசின் மாதிரி இறுகியது. வயிற்றுக்குள் இதே வேலையைச் செய்து சர்க்கரையை மெதுவாக விட வேண்டும் என்பதுதான் பேராசிரியரின் கண்டுபிடிப்பு.

மூன்றாவது பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இருவரும் கட்டில்மேல் ஏறி நின்றார்கள். அவள் திணித்தாள். டிரைவர் இரண்டு கையாலும் அழுத்தினார். உஸ்ஸென்ற சத்தம் தேய்ந்து, முக்கி, நின்றது.

பதினைந்து.

"இறங்கலையே மேடம்... நின்னுடுச்சு..."

உறிஞ்சும் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே விடக் காற்று இல்லாமல் அது அறையையே இழுத்தது. ஒரு நூல் திறந்து நின்ற கதவின் இடுக்கில் வெளிக் காற்று விசிலடித்துக்கொண்டு நுழைந்தது.

அவள் டிரைவரைத் தரதரவென்று இழுத்துப்போய் அந்த இடுக்கில் மூக்கை வைத்துப் படுக்கவைத்தாள். தானும் படுத்தாள். இரண்டு பேரும் பூனைகள் மாதிரி ஒரு விரிசலில் காற்றைக் குடித்தார்கள்.

"மேடம், என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க..."

"நீங்களே சொல்வீங்க."

"இல்ல, டாஃபி விஷயத்தச் சொல்லாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

விரிசலுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நெருங்கியது. நாத்தனாரின் குரல் மிக அருகில் கேட்டது.

"குழாயை என்ன பண்ணின? எடுத்துடு. சீக்கிரம் முடிஞ்சுடும். உனக்கும் வலிக்காது."

டயட்டீஷியன் டிரைவரின் வாயில் கடைசி டாஃபியை வைத்தாள்.

இன்னொரு கதவு எங்கோ 'படா'ரென்று திறந்தது.

"யாரும்மா அது உள்ள?" ஒரு கிழக் குரல் கூரையைப் பிய்த்தது. "எந்தத் தடியன் என் சுவாச அறைக்குள்ள விருந்தாளியக் கூட்டிட்டு வந்தது?"

பேராசிரியர்.

"சார்... வால்வு சிக்கிடுச்சு சார்," நாத்தனாரின் குரல் ஒரே நொடியில் அழுகைக்கு மாறியது. "உள்ள மாட்டிக்கிட்டாங்க. நான் தனியா..."

"வால்வு சிக்கினா கதவுக்குக் குறுக்க எதுக்கும்மா கம்பி?"

"வாட்ச்மேன், அந்தக் கம்பிய உருவு. நீ அந்த வால்வை விட்டுத் தள்ளி நில்லும்மா. தள்ளி."

கதவு திறந்தது. காற்று வெள்ளமாக உள்ளே வந்தது. சட்டையில் கேக் கிரீம் ஒட்டிய பேராசிரியர், தரையில் கிடந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், குளுக்கோஸ்..." என்றாள் அவள். "அலமாரி..."

இருபது வருஷமாக மாவைத் தவிர எதற்கும் ஓடாத கிழவர், அலமாரிக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டிரைவருக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது.

வெளித் தாழ்வாரத்தில் பேராசிரியர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேத்திக்குப் பிறந்தநாள். அவ கேக் வெட்டும்போதுகூட நான் கோட்டைத்தான் பாத்துட்டிருந்தேன். ரெண்டு பேர் மூச்சு. அப்புறம் கொம்பு கொம்பா. டிரைவர் உள்ள யாரையோ கூட்டிட்டு வந்து கூத்தடிக்கறான்னு நெனச்சேன். திட்டத்தான் கிளம்பி வந்தேன்."

"நான் உங்களைத்தான் சார் சந்தேகப்பட்டேன்."

"அப்படியா? பரவாயில்ல. நீ சந்தேகப்பட்டதை நான் அன்னிக்கே காது குடுத்துக் கேட்டிருந்தா இது நடந்திருக்காது."

அவர் எழுந்து போனார். கொஞ்சம் தள்ளி அவள் கணவன் நின்றிருந்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்தான். அக்காவைப் பார்த்துவிட்டு.

"உன் மூஞ்சியப் பாக்க முடியல," என்றான்.

"நீங்க பூட்டலையே."

"என் அக்கா..."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் தோளில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தாள். தேற்ற இனி அவனுக்கு அவள்தான்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலமும், நூலகக்காரம்மா வீட்டுச் சமையலறையில் மிச்சமிருந்த பொட்டலமும் கோர்ட்டில் ஒரே கதையைச் சொல்லின. நாத்தனாருக்கு நீண்ட சிறை.

அடுத்த வருஷம், வேறொரு ஊர்க்காரர்கள் புதிதாக ஒரு சின்ன ஆராய்ச்சி நடத்தினார்கள். அதே மாவு. மாத்திரை இல்லாமல். கலப்படம் இல்லாமல். கணக்குப் பார்த்தவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

முடிவு வந்த மறுநாள், வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் சுவாச அறையைத் தேடிக்கொண்டு வந்தார். டிரைவர் மாதாந்தரச் சோதனைக்கு வந்திருந்தார்.

"என்ன மேடம், மாவு தோத்துடுச்சா?" என்று கேட்டார் டிரைவர்.

டயட்டீஷியன் இல்லை என்று தலையசைத்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

"ஜெயிச்சுடுச்சு. அற்புதமெல்லாம் இல்ல. ஆனா நிஜமாவே சர்க்கரை குறையுது. மாத்திரையே கலக்காம விட்டிருந்தா, கொஞ்சம் மெதுவா, அதுவாவே ஜெயிச்சிருக்கும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தா போதுமா?"

"போதும்."

"காலைல ஜெயில்ல போய் உங்க நாத்தனார்கிட்ட இந்த ரிசல்ட்டைக் காமிச்சேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"நம்ப மாட்டேன்னுட்டாங்க. இவ்வளவு கம்மி ஆளுங்கள வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாதாம். இன்னும் ரொம்ப வருஷம் பொறுத்திருந்து பாக்கணுமாம்."

டிரைவர் விரலில் குத்திய இடத்தைச் சப்பிக்கொண்டே சொன்னார்.

"பாக்கட்டும் சார். அதுக்குத்தானே ஜட்ஜ் அய்யா அவங்களுக்கு வருஷத்த அள்ளிக் குடுத்திருக்காரு."